பார்க்கலையே தம்பி!

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருவதற்குள் உயிர் ஒருமுறையாவது தொண்டைக்கு வந்துவிடுகிறது. சிம்பாங்கில் (சாலைச் சந்திப்பில்) நிற்கும் காடிக்காரர், அதாவது கார் ஓட்டுபவர், என் முகத்தையே பார்ப்பார். சரி, பார்த்துவிட்டார் என்று நம்பிப் போனால், காடியின் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வருவார். பிரேக் கிறீச்சிட நின்றால் ஒரே பதில்: "பார்க்கலையே தம்பி!"

பகலிலும் மோட்டார் விளக்கு எரிய வேண்டும் என்பது இங்கே 1992-லிருந்தே சட்டம். எரிகிறது. மஞ்சள் சட்டை போட்டிருக்கிறேன். ஹெல்மெட்டில் ஒளிரும் பட்டை வேறு ஒட்டியிருக்கிறேன். காவடி மாதிரி இருக்கிறாய் என்று அம்மா சிரிக்கிறார். இன்னும் என்ன, உறுமி மேளத்தோடு வரவேண்டுமா?

முன்கண்ணாடியின் ஓரத் தூண் ஒரு மோட்டாரையே மறைத்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். தலையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தால் தெரியுமே! கழுத்து என்ன வாடகைக்கா வாங்கியது?

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. விடியுமுன் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போகும் பக்கத்து வீட்டு மாமா, கறுப்பு ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, பின்விளக்கில் செம்மண் அப்பியபடி போகிறார். கேட்டால், "இந்த ரோடு எனக்குத் தெரியும்டா" என்கிறார். ரோடு உங்களுக்குத் தெரியும் மாமா, பின்னால் வரும் செம்பனை லோரிக்காரனுக்கு உங்களைத் தெரிய வேண்டாமா?