ஆற்காட்டுப் பக்கம் என்றால் எந்த ஊர்?

என் தாத்தா கோலார் தங்கவயலுக்கு எந்த ஊரிலிருந்து வந்தார் என்று எனக்குத் தெரியாது. "ஆற்காட்டுப் பக்கம்" என்று அப்பா சொல்வார். ஆற்காட்டுப் பக்கம் எத்தனை ஊர் இருக்கிறது! அப்பா 2004-இல் போய்விட்டார். அவர் இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் பேத்திக்குப் பள்ளியில் ஃபேமிலி ட்ரீ போட்டு வரச் சொன்னார்கள். அவளுக்குப் பதினோரு வயது, பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள். என் தாத்தாவின் பெயருக்குக் கீழே ஊர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று ராத்திரி அல்சூர் கடைவீதியில் ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி வந்தேன். அதில்தான் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வயதுக்காரர்கள் எல்லோரும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

"எங்க வாழ்க்கையில எழுத என்னம்மா இருக்கு?" என்று பலர் கேட்கிறார்கள். பெரிய விஷயங்களை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். 1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததும், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியதும் புத்தகங்களில் இருக்கின்றன. பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்ததே 1905-இல்தான், நமக்குத்தான் முதலில் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சரி, சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைனில், எங்கள் வீட்டுக்குள் முதல் பல்பு எந்த வருஷம் எரிந்தது? பாட்டி அதைப் பார்த்து என்ன சொன்னாள்? அதை எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான் எழுதியிருக்க முடியும். யாரும் எழுதவில்லை.

நான் முதலில் எழுதியது பாறை வெடிப்பைப் பற்றி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை சட்டென்று வெடிக்கும். மேலே எங்கள் வீடு அதிரும். அலமாரியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் காலுக்கடியில் தெரியும். அம்மா அடுப்பிலிருந்து குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து நிற்பாள். அந்த லைனில் எல்லா வாசலிலும் ஒரு பெண் நிற்பாள். யாரும் பேச மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து அப்பாவின் தலை தெருமுனையில் தெரிந்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். வந்துவிட்டீர்களா என்றுகூடக் கேட்க மாட்டாள். இதை எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. அம்மா எவ்வளவு பயந்திருப்பாள் என்று இந்த வயதில், எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

ரிட்டயர் ஆன சிலர் எழுதியதை வாசித்திருக்கிறேன். எந்த வருஷம் எந்தப் பதவி, யார் கையால் பரிசு என்றே போகிறது. அது வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், வீட்டு வாடகை எவ்வளவு, யாரிடம் கடன் வாங்கினீர்கள், அதை எழுதுங்கள். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-இல் திறந்தார்கள் என்பது எல்லாப் பேப்பரிலும் வந்தது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் மகள் "உள்ள யாரும்மா?" என்று கேட்டதும், நான் "தாத்தா" என்று மெதுவாகச் சொன்னதும் என் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

குடும்பச் சண்டைகளை எழுதலாமா என்று என் தம்பி கேட்டான். எழுத வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும். எங்கள் சித்தப்பாவோடு பதினைந்து வருஷம் பேச்சு இல்லை. அவர் என்ன செய்தார் என்று எழுதினேன், நாங்கள் என்ன செய்தோம் என்றும் எழுதினேன். யார் பக்கம் நியாயம் என்று பிள்ளைகள் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

பேத்திக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அப்புறம் தமிழில் எழுதி என்ன பயன் என்று மகளே கேட்டாள். எனக்கு இங்கிலீஷில் எழுத வராது என்பது ஒரு பக்கம். அம்மா வாசலில் நின்றதைத் தமிழில்தான் என்னால் சொல்ல முடியும். எழுதியதை ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமாக வாசிக்கிறேன், பேத்தி போனில் பதிவு செய்கிறாள். ஆனாலும் போனை மட்டும் நம்பாதீர்கள். அத்தை பேசி அனுப்பிய வாட்ஸ்அப் ஆடியோக்கள் பழைய போனோடு போய்விட்டன, இன்னும் மனசு ஆறவில்லை. பழைய போட்டோக்களின் பின்னால் யார் யார் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

அந்த அத்தை, அப்பாவின் தங்கை, தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார். 88 வயது. நேற்று போனில் ஊர் பெயரைக் கேட்டேன். காது சரியாகக் கேட்கவில்லை, "நேர்ல வா, சொல்றேன்" என்றார். சனிக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் போகிறேன். பேத்தியும் வருகிறாள். நோட்டையும் இரண்டு பென்சிலையும் இப்போதே பையில் வைத்துவிட்டாள்.