புகாருக்கு மட்டும் விடுமுறை

பிரிட்டன் வங்கிகள் அன்று அடித்த கூத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது. கணக்கில் சில பவுண்டு குறைந்து ஒரு டைரக்ட் டெபிட் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் கட்டணம்) திரும்பினால் போதும், முப்பது பவுண்டுக்கு மேல்கூட அபராதம். அந்த அபராதமே கணக்கை இன்னும் கீழே தள்ளும்; அதற்கும் ஓர் அபராதம். இல்லாதவனிடம்தானே பிடுங்க முடியும்!

சரி, விடாமல் கடிதம் எழுதிக் கேட்ட பலருக்குப் பணம் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது. 2007 ஜூலையில் வந்தது வினை. நுகர்வோர் நலனைக் கவனிக்கும் அரசு அமைப்பான நியாய வர்த்தக அலுவலகம், இந்த அபராதங்கள் நியாயமா என்று முடிவு காண ஒரு சோதனை வழக்கை அறிவிக்க, தீர்ப்பு வரும்வரை புகார்களை ஓரமாக வைத்துக்கொள்ளலாம் என்று வங்கிகளைக் கண்காணித்த நிதிச் சேவை ஆணையம் அவற்றுக்குச் சலுகை கொடுத்துவிட்டது. புகாரை நிறுத்தினீர்களே, அபராதத்தையும் நிறுத்தினீர்களா? அதுதான் இல்லை! அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒரு நாள் தாமதித்தால் தண்டம். இவர்கள் இரண்டு வருடம் இழுத்தால் அது நடைமுறையாம்.

2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கட்டணம் நியாயமானது என்றுகூடச் சொல்லவில்லை. தொகை அதிகமா என்ற அடிப்படையில் அந்த அலுவலகம் அதை ஆராய முடியாது என்றது, அவ்வளவுதான். அப்புறம் என்ன, ஓரமாக வைத்த புகார்களில் பெரும்பாலானவை நிராகரிப்புக் கடிதமாகத் திரும்பி வந்தன.