ஸ்லீவா, பைபாஸா: கிலோக் கணக்கைக் கடைசியாகப் பாருங்கள்

உடல் எடையைக் குறைப்பதற்கான சத்திரசிகிச்சையைப் பற்றி யோசிப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் கூடி வருகிறார்கள். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவும், இரைப்பையையும் குடலையும் மாற்றி இணைக்கும் பைபாஸும் (இருதயத்துக்குச் செய்யும் பைபாஸ் அல்ல) அதில் முக்கியமான இரண்டு வகைகள். என் அக்கா ஸ்லீவ் செய்துகொண்டவர், அத்தானின் தம்பி பைபாஸ் செய்துகொண்டவர், இரண்டு பேருக்கும் துணையாகக் கொழும்பில் தங்கியிருந்தவள் நான் என்பது தெரிந்ததால், களுவாஞ்சிக்குடியிலிருந்தும் கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் பலர் அழைத்து விசாரிக்கிறார்கள். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, “எதைச் செய்தால் கூட இறங்கும்?” என்பதுதான். அதற்கு விடை இருக்கிறது. ஆனால் எந்தச் சத்திரசிகிச்சை என்று தெரிவு செய்யும்போது கடைசியாகப் பார்க்க வேண்டிய விடயம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முன்னர் உங்கள் நெஞ்செரிவையும், சீனி வருத்தத்தையும், வழக்கமாகப் போடும் குளிசைகளையும், ஊருக்குத் திரும்பிய பிறகு உங்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இது யாருக்குப் பொருந்தும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991 இல் அமெரிக்காவில் வகுத்த எல்லை பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 40, நீரிழிவு போன்ற நோய்களும் இருந்தால் 35 என்பதாக இருந்தது. 2022 இல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் சர்வதேச அமைப்புகள் அந்த எல்லையைத் தளர்த்தின, ஆசியர்களுக்கு 27.5 இலிருந்தே யோசிக்கலாம் என்றார்கள், ஏனென்றால் எங்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. 160 சென்றிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 70 கிலோ. எழுபது கிலோவைத் தொட்ட எல்லோரும் சத்திரசிகிச்சை மேசைக்குப் போக வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இப்போது பேசப்படும் செமாகுளுடைட் போன்ற எடைக் குறைப்பு ஊசிகளையும் வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். அவற்றை நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பி வருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன என்பதையும் அறிந்துகொண்டு கேளுங்கள்.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் வெளிப்பக்க வளைவை நீளவாக்கில் வெட்டி, ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுவது. மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். குடலில் எவரும் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் சுரப்பது அகற்றப்படும் பகுதியில் என்பதால் பசியும் அடங்குகிறது. வெட்டி எடுத்ததை ஒருபோதும் திரும்ப வைக்க முடியாது. இன்று உலகில் அதிகமாகச் செய்யப்படுவது இதுதான். பைபாஸ் அதைவிடப் பழையது. 1966 இல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்தது, பின்னர் பலவாறு திருத்தப்பட்டு வந்திருக்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் முப்பது மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறிய பையை மட்டும் பிரித்தெடுத்து, சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து அதனோடு இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், உணவு மட்டும் அந்த வழியால் போகாது.

இனிக் கிலோக் கணக்கு. பின்லாந்தில் 240 பேரை இரண்டு பிரிவாக்கி, ஸ்லீவ் செய்தவர்களையும் பைபாஸ் செய்தவர்களையும் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2022 இல் வெளிவந்தது. ஸ்லீவ் செய்தவர்கள் தங்கள் மேலதிக எடையில் 43.5 வீதத்தையும், பைபாஸ் செய்தவர்கள் 51.9 வீதத்தையும் இழந்திருந்தார்கள். வீதத்தில் சொன்னால் பெரிய வித்தியாசம் போலத் தெரியும். 160 சென்றிமீற்றர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.எம்.ஐ. 25 என்றால் 64 கிலோ, ஆகவே மேலதிகம் 46 கிலோ. ஸ்லீவில் 20 கிலோவும் பைபாஸில் 24 கிலோவும் இறங்கியிருக்கும். பத்து வருடத்தின் முடிவில் இரண்டுக்கும் இடையே உள்ளது நான்கு கிலோ. அதே ஆய்வில் எண்டொஸ்கோபி செய்து, அதாவது வாய் வழியாகக் கமரா விட்டு, உணவுக் குழாயைப் பார்த்தபோது, அமிலத்தால் புண்பட்டிருந்தவர்கள் ஸ்லீவ் பிரிவில் 31 வீதம், பைபாஸ் பிரிவில் 7 வீதம். என்னைக் கேட்டால், நீங்கள் பார்க்க வேண்டிய இடைவெளி இந்த 31 இற்கும் 7 இற்கும் இடையே உள்ளதுதான்.

அக்காவுக்கு நடந்ததும் அதுவே. சத்திரசிகிச்சைக்கு முன்னரே அவர் நெஞ்செரிவுக்கு ஓமெப்ரசோல் குளிசை போட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் போன தனியார் வைத்தியசாலையில் எடையை நிறுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், இருதயத்தைப் பார்த்தார்கள். நெஞ்செரிவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, எண்டொஸ்கோபியும் செய்யவில்லை. ஒடுங்கிய குழாயாகிவிட்ட இரைப்பைக்குள் அழுத்தம் கூடும்போது அமிலம் மேலே ஏறத்தான் செய்யும். இப்போது அவருடைய கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டும் செங்கல்லின் மேல் நிற்கின்றன. இரவுச் சாப்பாட்டை இருட்டுவதற்கு முன்னர் முடித்துவிடுகிறார். முடிக்காத நாட்களில் நடுச்சாமத்தில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து இருமி எழும்புகிறார். எடை இறங்கியது, முழங்கால் வலி போய்விட்டது, பாடசாலையின் மேல்மாடிக்கு நிற்காமல் ஏறுகிறார். செய்தது வீண் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் இன்னொரு சத்திரசிகிச்சையைப் பற்றி அவர் இன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்க்கும் ஒரு பரிசோதனை முன்னரே நடந்திருந்தால், தெரிவு அன்றைக்கே வேறாக இருந்திருக்கும். ஆகவே நெஞ்செரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண்டொஸ்கோபி செய்யாமல் திகதி குறிக்காதீர்கள். பைபாஸ் செய்யப்போகிறவர்களுக்கும் அது தேவை. ஒதுக்கிவிட்ட இரைப்பையைப் பிறகு சாதாரண எண்டொஸ்கோபியால் பார்க்க முடியாது.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இரண்டுமே மருந்தைவிட நல்ல பலனைத் தருகின்றன. 2017 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஐந்து வருடத்தின் பின் எச்.பி.ஏ.1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.0 வீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 வீதம், ஸ்லீவ் செய்தவர்களில் 23 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 வீதம். நீரிழிவு வந்து கனகாலமாகி, இன்சுலினும் பல வருடம் போட்டவர்களுக்கு அது முற்றாக விலகும் வாய்ப்புக் குறைவு என்பதை வைத்தியர்கள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். நீரிழிவோடு நெஞ்செரிவும் சேர்ந்திருந்தால் என் மனம் பைபாஸ் பக்கமே சாயும்.

அப்படியானால் எல்லோரும் பைபாஸ் செய்யலாமே என்று கேட்பீர்கள். பைபாஸ் செய்தவரின் அன்றாட வாழ்க்கையைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் அதற்கும் என்னால் ஓம் என்று சொல்ல முடியாது. எங்கள் ஊரில் மூட்டு வலி, இடுப்பு வலி என்றால் பாமசியில் டிக்ளோபெனாக்கோ புருபனோ கேட்டு வாங்கிப் போடுவது சாதாரணம். பைபாஸ் செய்தவருக்கு அந்தக் குளிசைகள் இணைப்புப் போட்ட இடத்தில் புண்ணை உண்டாக்கி, இரத்தம் கசியவும் அந்த இடம் ஓட்டையாகவும் காரணமாகலாம். சிகரெட்டும் அதையே செய்கிறது. மதுவும் முன்னைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும். வாத நோய்க்காக வலிக் குளிசையை விட முடியாதவர்கள், புகைப்பதை விடமாட்டேன் என்பவர்கள் நிபுணரிடம் அதை மறைக்கக் கூடாது. அவர்களுக்கு ஸ்லீவ் பொருத்தமாக இருக்கலாம்.

சாப்பாட்டிலும் ஒன்று இருக்கிறது. ஒரு சித்திரை வருடப்பிறப்பன்று அத்தானின் தம்பி வழமைபோல எருமைத் தயிரில் சீனி போட்டு ஒரு சிறிய கிண்ணம் சாப்பிட்டார். அரை மணித்தியாலத்துக்குள் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடத்து, விறாந்தையில் படுத்துவிட்டார். மாரடைப்பு என்று பயந்து அவருடைய அம்மா ஓட்டோவைக் கூப்பிட்டுவிட்டார். சீனி இரைப்பையில் தங்காமல் நேரே சிறுகுடலுக்குள் விழுவதால் வருவது இது; டம்பிங் என்பார்கள். இப்போது அவர் தயிரைச் சீனி இல்லாமல் சாப்பிடுகிறார், அது அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. இனிப்பைக் கட்டுப்படுத்த முடியாத சிலருக்கு இந்தப் பயமே உதவியாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

விற்றமின்களைப் பற்றிப் பலரும் அலட்சியமாகக் கேட்கிறார்கள். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவை பைபாஸின் பிறகு வாழ்நாள் முழுவதும் தேவை. ஸ்லீவ் செய்தவர்களும் தப்ப முடியாது. தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்குத் தயமின் (விற்றமின் பி1) குறைந்து கால் விறைப்பும் தடுமாற்றமும் வரலாம், அது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாத நிலை. மாதாமாதம் வாங்கும் வசதியும், வருடாவருடம் இரத்தப் பரிசோதனை செய்யும் ஒழுங்கும் இல்லாத ஒருவர் குடலில் கை வைக்கும் சத்திரசிகிச்சையைத் தெரிவு செய்வதை நான் ஆதரிக்கமாட்டேன். புரதத்துக்கு எங்களுக்குக் குறை இல்லை. வாவி மீனும் இறாலும் முட்டையும் தயிரும் இருக்கின்றன, சோற்றை ஒதுக்கி அவற்றை முதலில் சாப்பிடப் பழக வேண்டும்.

தூரத்தைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஸ்லீவில் தையல் வரியில் கசிவு ஏற்பட்டால் அது வீட்டுக்கு வந்த பிறகும் தெரியவரலாம். காய்ச்சல், நாடித்துடிப்பு வேகமாதல், வயிற்றிலோ தோளிலோ வலி என்பன அதன் அடையாளங்கள். பைபாஸில் சில வருடம் கழித்து, எடை நன்றாகக் குறைந்த பின்னர், உள்ளே உண்டான இடைவெளியில் குடல் போய் மாட்டிக்கொள்ளலாம். சாப்பிட்ட பின் விட்டு விட்டு வரும் கடும் வயிற்று வலியாக அது தொடங்கும், அதைக் கேஸ்ட்ரைட்டிஸ் என்று நினைத்துவிடுவது எளிது. நள்ளிரவில் உங்களை ஏற்றுக்கொள்ளும் வைத்தியர் உங்கள் வயிற்றுக்குள் என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று எப்படி அறிவார்? அதனால்தான் டயக்னோசிஸ் கார்ட்டில் வெறுமனே எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சை என்று எழுதித் தர விடாதீர்கள். எந்த வகை, பை எவ்வளவு, குடலில் எத்தனை சென்றிமீற்றர் ஒதுக்கப்பட்டது, உள்ளே இடைவெளிகள் தைத்து மூடப்பட்டனவா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தியாவுக்குப் போய்ச் செய்கிறவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். அத்தானின் தம்பியின் கார்ட் பிளாஸ்டிக் உறையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது, அதன் படம் வீட்டில் எல்லோருடைய தொலைபேசியிலும் இருக்கிறது.

மினி பைபாஸ் என்ற பெயரைக் கேட்டு அது சிறியது என்று எண்ணக் கூடாது. வழமையான பைபாஸில் இரண்டு இணைப்புகள், இதில் ஒன்றுதான் என்பதால் நேரம் குறைவு, பக்கேஜின் விலையும் குறையலாம். 2019 இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் எடை இறங்குவதில் அது வழமையான பைபாஸுக்குச் சளைக்கவில்லை; ஆனால் வயிற்றோட்டமும் சத்துக் குறைபாடும் அதில் கூடுதலாக இருந்தன, பித்தம் மேலேறும் சிக்கலும் உண்டு. ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் ஒதுக்கிவிடும் டியோடினல் சுவிட்ச் எல்லாவற்றையும்விட அதிகமாக எடையைக் குறைக்கும், சத்துக்களையும் அதே அளவுக்குப் பறிக்கும். ஒரு காலத்தில் பரவலாக இருந்த பான்ட், அதாவது இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றிப் போடும் பட்டி, பலருக்குக் கழற்றப்பட்டுவிட்டது. இரைப்பைக்குள் வைத்து நிரப்பும் பலூன் சத்திரசிகிச்சையே அல்ல. வழமையாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், எடை திரும்புவதும் வழமை. அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம் என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நேரடியாகவே சொல்லியிருக்கிறேன்.

பிள்ளை பெற விரும்பும் பெண்கள் சத்திரசிகிச்சையின் பின் 12 முதல் 18 மாதம் வரை பொறுக்க வேண்டும் என்பதே வைத்திய ஆலோசனை. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது, பைபாஸின் பின் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். இதைத் திருமணமான பெண்ணிடமும் கணவரிடமும் சேர்த்து வைத்துப் பேச வேண்டும். நோன்பும் கந்தசஷ்டி விரதமும் பிடிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே நிபுணரிடம் சொல்லுங்கள். சுருங்கிய இரைப்பையால் ஒரு நாளைக்குத் தேவையான தண்ணீரை இரவு சில மணித்தியாலங்களில் குடித்து முடிக்க முடியாது.

கல்முனையில் இருக்கும் சின்னம்மாவின் மகளுக்கு இப்போது ஸ்லீவ் என்று ஒரு தனியார் வைத்தியசாலை சொல்லியிருக்கிறது. அவளுக்கு நீரிழிவும் உண்டு, படுத்தால் நெஞ்செரிவும் உண்டு. முற்பணம் கட்ட வேண்டாம், முதலில் எண்டொஸ்கோபி செய், அந்த அறிக்கையோடு ஸ்லீவும் பைபாஸும் இரண்டும் செய்கிற வேறொரு நிபுணரைப் போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன். மாத முடிவோடு தள்ளுபடி முடிந்துவிடும் என்கிறார்களாம். முடியட்டும்.