ஒரே செலவில் ரெண்டு

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருந்தார். டெஸ்ட் டியூப் குழந்தைகளுக்கு முப்பது வயதுக்குள் சுகர், பிரஷர் நிச்சயமாம். கீழே மண்டை ஓடு பொம்மை வேறு. என் ரெட்டைப் பிள்ளைகளும் ஐவிஎஃப்பில், அதாவது ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்கி வயிற்றில் வைக்கிற அந்த டெஸ்ட் டியூப் சிகிச்சையில் பிறந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு மௌன விரதம்.

பதினோரு வருஷமாக இதையே தேடித்தேடிப் படிப்பவள் என்பதால் சொல்கிறேன், அந்தப் பயம் முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2008இல் நெதர்லாந்தில் 8 முதல் 18 வயதுவரை உள்ள ஐவிஎஃப் பிள்ளைகள் 225 பேரையும், கருத்தரிக்கச் சிரமப்பட்டுக் கடைசியில் சிகிச்சை இல்லாமலே பெற்றவர்களின் பிள்ளைகள் 225 பேரையும் ஒப்பிட்டார்கள். ஐவிஎஃப் பிள்ளைகளுக்கு மேல் பிரஷர் சராசரி 109, மற்றவர்களுக்கு 105. பருவ வயதுப் பிள்ளைகளிடம் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் துளி கூடுதல். நம் ஊர் லேப் கணக்கில் 90க்கு 86. இரண்டுமே நார்மல்தான். அப்புறம் 2023இல் 14 ஆய்வுகளைச் சேர்த்து 35,938 பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்தபோது பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எதிலும் கவலைப்படும்படி வித்தியாசம் இல்லை. அதில் ஐவிஎஃப் போன்ற சிகிச்சையில் பிறந்தவர்கள் 654 பேர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் டெஸ்ட் டியூப் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்ததே 1978இல்தான். சர்க்கரையும் மாரடைப்பும் கூட்டமாக வரும் வயதை அந்தத் தலைமுறை இப்போதுதான் எட்டுகிறது.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில்.

கரு வைக்கிற அன்று சிகிச்சை மையத்தில் கேட்டார்கள்: "ரெண்டு வெச்சிடலாமா? ஒரே செலவுல ரெண்டு கிடைச்சா நல்லதுதானே?" என் மாமியார் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. நானும் தலையாட்டினேன். நகை பாதி அடகுக் கடையில் இருந்தது, இன்னொரு தடவை என்றால் மீதியும் போகும். யாரும் எதையும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

34ஆவது வாரத்தில் சிசேரியன். ஒருவன் 1.6 கிலோ, இன்னொருவன் 1.9. பத்தொன்பது நாள் இன்குபேட்டர். சின்னவன் பாதம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் "எலும்பும் தோலுமா இருக்கானே" என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் ராகிக்கூழில் நெய், நேந்திரங்காய்க் கஞ்சியில் நெய், சோற்றில் நெய். ஒரு வயதில் இரண்டும் கொழுகொழுவென்று ஆனதும் திருஷ்டி சுற்றிப் போட்டோம்.

சின்னதாகப் பிறந்து வேகமாகச் சதை போடுகிற பிள்ளைகளுக்குத்தான் பின்னாளில் சர்க்கரையும் இதய நோயும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பிறகுதான் படித்தேன். பிறந்த எடைக்கும் பிற்கால நோய்க்கும் முடிச்சு இருக்கிறது என்று இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் பல வருஷம் முன்பே சொன்னார். நம் குழந்தைகள் எடையில் குறைவு, ஆனால் அந்தச் சின்ன உடம்பிலும் கொழுப்பு குறைவதில்லை என்று புனேயில் டாக்டர் யாஜ்னிக் காட்டினார். ஆய்வுக்கூடத் தட்டில் கரு இருக்கிற நாலைந்து நாளைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறோம். ஒரே வயிற்றில் இரண்டு பேர் நெருக்கியடித்து, ஆறு வாரம் முன்னதாக வெளியே வருவதைப் பற்றி ஒரு ஃபார்வர்டும் வருவதில்லை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குட்பட்ட 661 பெண்களிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. ஒரு பாதிக்கு ஒரே நேரத்தில் இரண்டு கரு. மறு பாதிக்கு ஒன்றுதான், அது நிற்காவிட்டால் உறைய வைத்திருந்த இன்னொன்று. குழந்தை பெற்றவர்கள் முதல் குழுவில் 42.9 சதவீதம், இரண்டாவதில் 38.8. பெற்றவர்களில் ரெட்டை, அதற்கு மேல் என்று போனவர்கள் முதல் குழுவில் 33.1 சதவீதம், இரண்டாவதில் 0.8. ஸ்வீடன் 2003லேயே பொதுவாக ஒரு கருதான் என்று விதி போட்டுவிட்டது. சரி, அங்கே அரசாங்கமும் செலவில் பங்கு போடுகிறது. இங்கே ஒவ்வொரு தடவையும் நம் மடியிலிருந்து போகிறது. ரெண்டு கேட்கிற பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், பஸ் ஸ்டாண்டு துணிக்கடை ஆஃபர் மாதிரி கேட்டவர்களைத்தான் சொல்கிறேன்.

போன மாதம் இருவரையும் குழந்தை டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்னப் பிள்ளைகளுக்கான பிரஷர் பட்டையை நர்ஸ் மூன்று டிராயரில் தேடி எடுத்தார். பெரியவனுக்கு 104, சின்னவனுக்கு 108. டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிறக்கும்போது எடை எவ்வளவு?" எப்படித் தரித்தது என்று கேட்கவில்லை. இடுப்புச் சுற்றளவை ஞாபகமாக அளந்தார். வருஷா வருஷம் கூட்டி வாருங்கள், சாயங்கால பிஸ்கட்டை நிறுத்துங்கள் என்றார். பிஸ்கட் சேதி கேட்டுச் சின்னவன் வழியெல்லாம் பேசவே இல்லை.

நேற்று ஆபீஸ் தங்கை ஒருத்தி கூப்பிட்டாள். அடுத்த வாரம் கரு வைக்கிறார்களாம். "ரெண்டு வெக்கச் சொல்லட்டுமா அக்கா?" அந்த 33.1, 0.8 கணக்கைச் சொல்லி, உன் வயசுக்கும் கருவின் தரத்துக்கும் ஒன்று போதுமா என்று டாக்டரிடமே நேராகக் கேள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கறேன். எங்க அத்தைகிட்ட நீங்க பேசறீங்களா?"