ஆமா, ஆட்டத்தை நிறுத்தினது நான்தான்

ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல என்ன நடந்ததுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப் குரூப்ல எனக்கு 'ஹெல்மெட் மாமா'ன்னு பேர்கூட வச்சாச்சு. சந்தோஷம். நான் நம்ம கிரிக்கெட் லீக்ல அம்பயர். ஷார்ட் லெக்ல, அதாவது பேட்ஸ்மேனுக்கு ரொம்பக் கிட்ட ஃபீல்டர் நிக்கிற இடத்துல, ஒரு சின்னப் பையனை வெறுந்தலையோட நிக்க விடமாட்டேன்னு ஆட்டத்தை நிறுத்தினேன். அடுத்த வாரமும் நிறுத்துவேன்.

"ஓவர் முடிய மூணு பால்தானே சார்"னு கேப்டன் கேட்டாரே, அங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 1998 பிப்ரவரி, டாக்கா. இந்தியாவுக்கு ஆடின ராமன் லாம்பா, ஒரு கிளப் மேட்ச்ல ஷார்ட் லெக்குக்குப் போறார். ஹெல்மெட் வேணுமான்னு கேட்டதுக்கு இதே பதில்தான்: மூணு பால்தானே. பேட்ஸ்மேன் அடிச்ச பந்து லாம்பா தலையில பட்டு கீப்பர் கைக்குப் போச்சு. கேட்ச், அவுட். மூணு நாள்ல லாம்பா இல்லை. 38 வயசு.

குரூப்ல நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றேன். "ரூல்ல எங்க இருக்கு?" நம்ம லீக் ரூல்ல இல்லதான். சேருங்கன்னுதானே கத்துறேன்! பேட்ஸ்மேன் பக்கத்துல முன்னால நிக்கிறவங்களுக்கும், ஸ்டம்ப்பை ஒட்டி நிக்கிற கீப்பருக்கும் சர்வதேச கிரிக்கெட்டை நடத்துற ஐசிசியே 2023ல ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கிடுச்சு.

"விவியன் ரிச்சர்ட்ஸ் போட்டாரா?" அந்த வெஸ்ட் இண்டீஸ் பேட்ஸ்மேன் போடல. நீங்க ரிச்சர்ட்ஸா? 1962ல பார்படோஸ்ல இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டருக்குப் பந்து பட்டு மண்டை ஓடு உடைஞ்சுது. அப்புறம் அவர் டெஸ்டே ஆடல. அவர் பேரை மட்டும் ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கறீங்க?

"ஹெல்மெட் போட்ட பில் ஹியூஸே போயிட்டாரே?" 2014ல அந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேனுக்குப் பந்து பட்டது ஹெல்மெட்டுக்குக் கீழ, கழுத்துல. அதனாலதான் ஆஸ்திரேலியாவுல இப்போ கழுத்துக் காப்பும் கட்டாயம். குடை பிடிச்சும் கால் நனைஞ்சுதுன்னு குடையைத் தூக்கிப் போடுவீங்களா?

நானும் கீப்பரா இருந்தவன்தான். காலேஜ்ல ஆஃப் ஸ்பின்னருக்கு ஒட்டி நின்னப்ப பந்து பேட் விளிம்புல பட்டு என் புருவத்துல விழுந்துச்சு. அஞ்சு தையல். "கண்ணு தெரியுதாடா?"ன்னு அம்மா ராத்திரி பூரா விரலைக் காட்டிக் காட்டிக் கேட்டாங்க. அந்த இடத்துல இன்னும் முடி முளைக்கல.

'அவனவன் இஷ்டம்'னு எழுதினவருக்கு ஒண்ணு. சீனியர் பத்துப் பேர் சிரிச்சிட்டு நிக்கும்போது 15 வயசுப் பையனுக்கு என்னங்க இஷ்டம்? அதுக்குத்தான் கட்டாயம்ங்கறேன்.

வெயில்ல தலை வேகுது, ஒத்துக்கறேன். விலையும் ஜாஸ்திதான். ஆனா டீமுக்கே ஒரு ஹெல்மெட். அவுட்டானவன் கழட்டித் தர, வர்றவன் பாதி வழியில வாங்கி மாட்டிக்கிறான். உள் ஸ்பாஞ்சைப் பிழிஞ்சா வேர்வை சொட்டுது. தாடைப் பட்டை அறுந்து ஷூ லேஸ்ல கட்டியிருக்கு. கோப்பை மட்டும் இடுப்பு உயரத்துக்கு! அதுல யார் பேரு முதல்லன்னு போன வருஷம் ஒரு மணி நேரம் சண்டை போட்டீங்க. நான் ஏழு நிமிஷம் நிறுத்தினது மட்டும் குத்தமாயிடுச்சு.

இத்தனை வருஷமா பெட்ரோல் காசுக்கு வெயில்ல நிக்கிறேன். அன்னைக்கு என் பக்கம் ஒருத்தர் பேசல. அந்தப் பையன்கூட, மேட்ச் முடிஞ்சதும் என் முகத்தைப் பார்க்காம சைக்கிளை எடுத்துட்டு விர்ருன்னு போயிட்டான்.