கொடுமணலில் இருந்து தொடங்கலாம்

குழந்தைகள் தொட்டுப் பார்த்தே உலகப் பண்பாடுகளை அறிந்துகொள்ளும் அருங்காட்சியகக் கூடங்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, திருப்பூர்க்காரியான எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் அமெரிக்காவின் பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தையும் சேர்த்திருக்கலாம். ஜப்பானின் கியோட்டோ நகரம் 1979-ல் பரிசாகக் கொடுத்த இரண்டு தள வீடு அங்கே இருக்கிறது. பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இந்தப் பழக்கம் நம் பிள்ளைகளுக்கும் உண்டே, அங்கிருந்தே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெர்மனியும் அமெரிக்காவும் ஏற்றுமதி அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெயர்களாகத்தான் பழக்கம். இங்கே தைத்த பனியனைப் போடும் பிள்ளை அங்கே என்ன சாப்பிடுகிறது, என்ன விளையாடுகிறது என்று காட்ட ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தில் சொல்லும் கதை கொடுமணலில் இருந்து தொடங்கட்டும். சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே கல்மணி செய்த ஊர் அது. ரோமாபுரிக் காசுகளும் கொங்கில் பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. அசல் மணியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது, சரி. மாதிரி மணிகளைக் கோக்கக் கொடுக்கலாமே! பக்கத்திலேயே நம் அம்மியையும், மெக்சிகோவில் மக்காச்சோளம் அரைக்கும் மெட்டாட்டே கல்லையும் வைத்து அரைக்கச் சொல்லுங்கள்.

நாட்டுக்கொரு பொம்மைக்கு உடை மாட்டிக் கண்ணாடிக்குள் நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். அப்புறம், வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார் குடும்பங்களையும் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுப் பாட்டையும் பலகாரத்தையும் சொல்லித்தரக் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் திறந்திருக்கட்டும். பனியன் கம்பெனிக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு அன்றுதான் லீவு.