மொய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த 660 ரூபாய்

ஞாயிற்றுக்கிழமை மொய் எழுதிய பந்தலில் என் சன்ஸ்கிரீன் செலவை வாசித்துச் சிரித்ததை முழுவதுமாக மறுபடி விவரிக்கப் போவதில்லை. பந்தலில் இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. "பெரியவர் ஏதோ பேசிவிட்டார், விட்டுவிடு" என்று நான்கு பேர் சொன்னார்கள். விடத்தான் நினைத்தேன். ஆனால் நேற்று பதிவுத் தபால் கொடுக்கப் போன வீட்டில் ஓர் அக்கா கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "மாதம் 660 ரூபாய் முகத்துக்கே செலவு செய்கிறவள் நீதானாமே?" என்று கேட்டார். எனக்கு அறிமுகமே இல்லாத வீடு அது. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது மேஜைக்கு மொய் நோட்டு இல்லை என்றதும் என் பையில் இருந்த நோட்டை எடுத்து எழுதினேன். முன்பக்கம் மொய். பின்பக்கத்திலிருந்து என் வீட்டுக் கணக்கு. கூட்டல் சரிபார்க்க நோட்டை வாங்கிய பெரிய மாமா, பின்பக்கத்தைப் புரட்டி ஒரே ஒரு வரியை மட்டும் சத்தமாக வாசித்தார். 'சன்ஸ்கிரீன் – 660'. உடனே பன்னிரண்டால் பெருக்கி, "வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாயை முகத்தில் பூசுகிறாள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெருக்கல் சரிதான், 7,920 வரும். நானே பலமுறை பெருக்கிப் பார்த்த தொகை.

அந்தப் பக்கத்தில் பதினேழு வரிகள் இருந்தன. பால், கேஸ், பெட்ரோல், மகனின் வேன் கட்டணம், மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கைபேசி ரீசார்ஜ். சன்ஸ்கிரீனுக்கு இரண்டு வரி மேலே 'டீக்கடைப் பாக்கி – 1,140' என்று இருந்தது. அது என் கணவருடையது. அந்த வரியைக் கடந்துதான் பெரிய மாமாவின் விரல் கீழே வந்திருக்க வேண்டும். டீயைக் குறை சொல்லவில்லை. வெயிலில் வேலை செய்கிறவர், குடிக்கட்டும். அதை யாரும் பன்னிரண்டால் பெருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தினமும் தீருகிற பொருளுக்கு மாதக் கணக்கில் ஒரு வரி இருக்க வேண்டும். அரிசிக்கு இருப்பது போல, எண்ணெய்க்கு இருப்பது போல. வரி எழுதாமல் வாங்கினால் அது ஆடம்பரமாகத்தான் தெரியும், ஏனென்றால் எப்போது வாங்கினாலும் அது வேறொன்றின் பணத்தில் வாங்கியதாகத்தான் இருக்கும். மூன்று வருடம் அப்படித்தான் வாங்கினேன். காய்கறியில் மிச்சம் பிடித்து, ஊருக்குப் போன பஸ் காசில் மிச்சம் பிடித்து. அந்த மூன்று வருடமும் வீண்.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுக்கும் வேலை. பை வந்து சேர்ந்து, பிரித்து, பதிந்து நான் வண்டியை எடுக்கும்போது மணி பதினொன்று ஆகிவிடும். நான்கு ஊர்கள், இருபத்திரண்டு கிலோமீட்டர். திரும்பி வர இரண்டு, இரண்டரை. நாளின் உச்ச வெயில் முழுவதும் என் மேல்தான். புதாற்றுக் கரைச் சாலையில் முன்பெல்லாம் நிழல் இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்த இரவில் அந்த மரங்கள் போயின. தென்னந்தோப்புகளை இழந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் சாலையோர மரத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அன்றாடம் அந்தச் சாலையில் போகிறவளுக்கு அதுவும் இழப்புத்தான்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு, விழுந்தது. கர்ப்ப காலத்தில் உடம்பில் நடக்கும் மாற்றங்களால் வருவது. வெயில் பட்டால் கறுக்கும். சிகிச்சை எடுத்துக் குறைந்தாலும் வெயில் பட்டால் திரும்ப வரும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் ஒரு மருந்துக் கடையில் கேட்டேன். மருத்துவர் சீட்டு இல்லாமலேயே ஒரு சிறிய குழாயை எடுத்துக் கொடுத்தார்கள். விலை மிகக் குறைவு. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒரு வருடம் பூசினேன். பிறகு முகம் சிவந்து எரிய ஆரம்பித்தது, தோல் மெலிந்து சிறு ரத்தக் குழாய்கள் தெரிந்தன. நிறுத்தினால் இன்னும் எரிந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது என்று தஞ்சாவூரில் தோல் மருத்துவர் குழாயைத் திருப்பிக் காட்டிய பிறகுதான் நான் அந்தச் சிறிய எழுத்துகளைப் படித்தேன். அந்த மலிவான குழாய் வைத்த செலவைச் சரிசெய்ய எட்டு மாதமும், மாதாமாதம் பணம் கட்டிவந்த ஓர் அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கும் போயின. ஊரில் எத்தனை பேரை அந்தக் கணக்கைத் தொடங்க வைத்திருக்கிறேன்! என் கணக்கை நானே பாதியில் முடித்தேன்.

அந்த மருத்துவர்தான் சொன்னார், "சன்ஸ்கிரீன் இல்லாமல் நான் கொடுக்கும் மருந்து எதுவும் நிற்காது" என்று. வாங்கினேன். 50 கிராம் குழாய் நான்கு மாதம் வந்தது. சிக்கனமாக இருக்கிறேன் என்று எனக்குப் பெருமை. பொட்டு வைப்பது போல நான்கு இடத்தில் தொட்டுத் தேய்ப்பேன். மங்கு கொஞ்சமும் குறையவில்லை. அடுத்த முறை போனபோது அவர் என் இரண்டு விரல்களை நீட்டச் சொல்லி, அடியிலிருந்து நுனி வரை நிறைய வைத்துக் காட்டினார். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அவ்வளவு. உறையில் எஸ்பிஎஃப் 50 என்று, வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டப் போட்டிருக்கும் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த அளவு. பாதி பூசினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நாங்கள் பெரும்பாலும் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

சிக்கனம் என்று நான் நினைத்ததுதான் முழு வீண். குறைவாகப் பூசிய நான்கு மாதக் குழாய் முழுவதும் பயன் இல்லாமல் போனது. அளவாகப் பூசியிருந்தால் பதினான்கு நாளில் தீர்ந்திருக்கும், வேலையும் செய்திருக்கும். இதைப் பெரிய மாமாவுக்கு எப்படிப் புரிய வைப்பது? அவர் விவசாயி. ஏக்கருக்குப் போட வேண்டிய உரத்தில் கால்பங்கைத் தெளித்துவிட்டு மிச்சம் பிடித்தேன் என்று சொல்கிறவரை அவர் என்ன சொல்வார்?

அதன் பிறகுதான் கணக்குப் போட ஆரம்பித்தேன். குழாயைத் திறக்கும் நாளைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுவேன். காலையில் ஒருமுறை, மதியம் வழியில் முகம் துடைத்துவிட்டு ஒருமுறை. 100 கிராம் குழாய் எனக்கு 29 நாள் வருகிறது. விலை 660. கிராமுக்கு 6 ரூபாய் 60 காசு, நாளுக்கு 23 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எங்கள் ஊர்க் கடையில் கிடைப்பது 30 கிராம் குழாய், 330 ரூபாய். கையில் எடுத்தால் விலை குறைவாகத் தெரியும், கிராமுக்கு 11 ரூபாய் ஆகிறது. ஆகவே பட்டுக்கோட்டை போகும்போது பெரியதாக வாங்குகிறேன். சம்பளம் வந்த அன்றே 700 ரூபாயைத் தனியாக எடுத்து வைக்கிறேன். மிஞ்சும் 40 ரூபாய் விலை ஏறும் மாதத்துக்கு. குழாயில் கால்பங்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன், ஏனென்றால் தீர்ந்து போய் வாங்காமல் இருக்கும் பத்து நாளில்தான் மூன்று மாதப் பலன் போகிறது.

ஒருமுறை சலுகை விலை என்று நான்கு குழாய் வாங்கி, இரண்டு காலாவதி ஆகிவிட்டன. ஒரு சித்திரையில் வண்டிப் பெட்டிக்குள் வைத்தது சூட்டில் திரிந்து எண்ணெய் தனியாக, தண்ணீர் தனியாகப் பிரிந்துவிட்டது. இப்போது தபால் பைக்குள் ஈரத் துணி சுற்றிய டப்பாவில் வைத்துக்கொண்டு போகிறேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிற செலவைத்தான் பந்தலில் வாசித்துச் சிரித்தார்கள்.

"துணி கட்டிக்கொண்டு போகலாமே" என்பார்கள். கட்டிக்கொண்டுதான் போகிறேன். தலைக்கவசம், துப்பட்டா, முழுக்கைச் சட்டை எல்லாம் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் துணியை விலக்கினால்தான் என்னை அடையாளம் தெரிந்து கதவு திறக்கிறார்கள். மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் வருகிறது. கஸ்தூரி மஞ்சள் பூசச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மஞ்சள் எனக்கும் பிடிக்கும், பண்டிகைக்குப் பூசுகிறேன். அது வெயிலைத் தடுக்காது.

"பிள்ளை படிப்புக்குச் சேர்க்கலாமே" என்று என் சொந்தத் தங்கையே கேட்டாள். பிள்ளை படிப்புக்கும் அந்த நோட்டில் வரி இருக்கிறது. அதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.

சட்டப்படி இது அழகுசாதனப் பொருள். அதுவும் ஒரு காரணம், எல்லோரும் இதைப் பவுடர், லிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பார்ப்பதற்கு. உண்மையில் பவுடருக்குக் கிடைத்த மரியாதைகூட இதற்குக் கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டால்கம் பவுடர், முகப் பவுடர், ஷாம்பு, ஷேவிங் கிரீம் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்றாடம் பயன்படுத்தும் பொருள் என்று காரணம் சொன்னார்கள், வரவேற்கிறேன். சன்ஸ்கிரீன் 18 சதவீதத்திலேயே இருக்கிறது. பதினொரு மணி வெயிலில் தபால் பையோடு போகிறவளுக்கு எது அன்றாடப் பொருள் என்று யாரும் கேட்கவில்லை.

இனி, என்னை உண்மையிலேயே சுட்ட கேள்விக்கு வருகிறேன். "நடவுக்குப் போகிற பெண்கள் பூசுகிறார்களா? உன் அம்மா பூசினாளா?" பெரிய மாமா இல்லை, அவர் பக்கத்தில் இருந்தவர் கேட்டது. என் கணவர் அப்போது பந்தி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் அம்மா பூசவில்லை. என் அம்மா 2016 வரை நடவு நட்டவர். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவார். புடவைக்கு மேல் அந்தச் சட்டை, தலையில் துண்டு. மேலே இருந்து வரும் வெயிலைத் துண்டு தடுக்கும். குனிந்து நடுகிறவளுக்குச் சேற்றுத் தண்ணீரில் பட்டு எழும்பும் வெயிலை எது தடுக்கும்? தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்கு விழுந்த மங்கு நெற்றி, கன்னம், மேல் உதடு வரை படர்ந்தது. மங்கு சனி பிடித்திருக்கிறது என்று பாட்டி சொன்னார். திருநள்ளாறு போய் எள் தீபம் ஏற்றி வந்தார்கள். அம்மாவும் அதை நம்பினார். தன்னிடம் ஏதோ தோஷம் இருக்கிறது என்றே பல வருடம் நம்பினார். என் திருமண ஆல்பத்தில் அம்மா முதல் வரிசையில் இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. புகைப்படக்காரர் கூப்பிடும்போதெல்லாம் பின்னால் போய் நின்றுகொண்டார். அன்று கல்யாண வேலை என்று நினைத்தேன். என் முகத்தில் மங்கு வந்த பிறகுதான் ஆல்பத்தை மறுபடி பார்த்தேன்.

அம்மா பூசவில்லை என்பதை எனக்கு எதிராகச் சொல்லாதீர்கள். அம்மாவிடம் பணம் இல்லை, சொல்லித்தர ஆள் இல்லை. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் நிர்ணயித்திருந்த 336 ரூபாய் போன்ற கூலியில், வயலில் நிற்கும் ஒரு பெண் நாளுக்கு 23 ரூபாயை முகத்துக்கு ஒதுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அது நியாயமான கேள்விதான், என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அந்தப் பெண்களுக்காகக் கேட்கவில்லை. என் வாயை அடைக்கக் கேட்டார். நடவாள் கூலியை உயர்த்தக் கேட்டபோது இதே மனிதர் என்ன பேசினார் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

போன மாதம் அம்மாவுக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. ஒரே ஒரு முறை திறந்திருக்கிறார். "விலை அதிகமாமே, தீர்ந்துவிடும் என்று வைத்திருக்கிறேன்" என்றார். இரண்டு விரலை நீட்டச் சொல்லி நானே வைத்துக் காட்டினேன். விரல்கள் கோணியிருந்ததால் நேராக நீட்ட முடியவில்லை, பக்கத்தில் வழிந்தது. வழிந்ததை வழித்து என் முகத்தில் பூசிவிட்டார்.

பெரிய மாமா, இந்தப் பதிவை உங்கள் பேரன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான் என்று தெரியும். உங்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. வருகிற ஆடியில் நம் வீட்டு மொய் விருந்துக்கும் நான்தான் எழுத வருவேன், அதே நோட்டைத்தான் கொண்டுவருவேன். பின்பக்கத்தில் இப்போது அந்த வரிக்கு எதிரே 1,320 என்று இருக்கிறது. இரண்டு பேருக்கு.